அண்ணன் பேரில் போட்ட கேஸ்

தேவகியைப் பற்றி ஊரில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். புருஷன் செத்த காசை வாங்கிக்கொண்டு பிறந்த வீட்டு நிலத்தை ஏலத்துக்குக் கொண்டுவந்தவள் என்பது ஒன்று. கோர்ட்டுக் கூண்டில் ஏறி நாக்கை அடக்கத் தெரியாமல் அண்ணன் குடும்பத்தைக் கெடுத்தவள் என்பது இன்னொன்று. இரண்டையும் காதாரக் கேட்டிருக்கிறேன். சொன்னவர்களுக்கு வாயாரப் பதிலும் கொடுத்திருக்கிறேன். எனக்கு வாய் நீளம் என்பது உத்திரமேரூர் பஜாரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. வக்கீல் மோகன்குமார் சார் ஆபீசில் டைப் அடிக்கிற ஹசீனா என்று கேட்டுப் பாருங்கள். வழி காட்டுவார்கள், கூடவே பார்த்துப் பேசுங்கள் என்றும் சொல்லி அனுப்புவார்கள்.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அதனால் நான் பார்த்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

தேவகி அதிகம் பேசுகிற பொம்பளை இல்லை. ஆபீசுக்கு வந்தால் பெஞ்சில் உட்கார மாட்டாள், வாசற்படியில் உட்காருவாள். கை சும்மா இருக்காது. மடியில் வேர்க்கடலை கட்டிக்கொண்டு வந்து உரித்துக்கொண்டிருப்பாள், போகும்போது உரித்ததையெல்லாம் என் மேஜையில் வைத்துவிட்டுப் போவாள். சில நாள் முருங்கைக்கீரை. கேஸ் பீசுக்குக் கீரை கொடுக்கிறாயா என்று நான் சீண்டினால், "பீசு சாருக்கு, கீரை உனக்கு பாயம்மா" என்பாள். அதற்கு மேல் அவள் வாயிலிருந்து பேச்சைக் கறக்க முடியாது.

அவள் ஊர் மானாம்பதி ரோட்டில் ஏரிக்குக் கீழே இருக்கிற சின்ன கிராமம். அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா பாம்பு கடித்து இறந்துபோனார். அண்ணன் முனிரத்தினம் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஏர் பிடித்தார். தங்கைக்குப் பெயரெழுதிப் பள்ளிக்கூடத்தில் விட்டதும் அவர்தான், அம்மை போட்டபோது வேப்பிலை வீசிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் அவர்தான். உள்ளூரிலேயே மாப்பிள்ளை பார்த்துப் பச்சமுத்துவுக்குக் கட்டிக்கொடுத்தார். வெளியூரில் கொடுத்தால் நினைத்தபோது பார்க்க முடியாதாம். பொங்கலுக்குப் பொங்கல் தங்கைக்குச் சீர் போகும். புதுப்பானை, பச்சரிசி, வெல்லம், கரும்பு, புடவை. இரண்டு தெரு தள்ளி இருக்கிற வீட்டுக்கு மேளம் ஒன்றுதான் பாக்கி, மற்றபடி ஊரே பார்க்கத் தலையில் தூக்கிக்கொண்டு வருவார். எங்க அண்ணன் எனக்கு நைனா மாதிரி என்று தேவகி சொன்னால் அது சும்மா வாய்வார்த்தை இல்லை.

முனிரத்தினத்துக்கும் ஆண்டாளம்மாளுக்கும் ஒரே மகன், அரவிந்தன். தேவகிக்கு ஒரே மகள், வளர்மதி. மாமன் மகன், அத்தை மகள். முறை இருக்கிறது. சின்ன வயதிலிருந்தே அந்த இரண்டு பெயரையும் சேர்த்துத்தான் ஊரில் சொல்லுவார்கள். தேவகியும் மனசில் அப்படித்தான் வைத்திருந்தாள், பையனுக்கு அந்தப் பழக்கம் வருகிறவரை.

பழக்கம் என்றால் சாராயம் இல்லை, வலி மாத்திரை. ஆபரேஷன் ஆனவர்களுக்கு டாக்டர் எழுதிக்கொடுக்கிறது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. சீட்டு இல்லாமல் விற்கிற மெடிக்கல் ஒன்று இருந்தது, இன்னமும் இருக்கிறது, எது என்று நான் சொன்னால் நாளைக்கு என்மேலேயே கேஸ் வரும். குடித்துவிட்டு வந்தால் வாடையில் வீட்டில் கண்டுபிடித்துவிடுவார்கள். இதில் வாடை கிடையாது. கண் மட்டும் சொருகும். என்னடா என்றால் தூக்கம் என்பான். பாடுபடுகிற பிள்ளை, தூங்கட்டும் என்று பெற்றவர்கள் போர்வையை எடுத்துப் போர்த்துவார்கள்.

பச்சமுத்து செத்தது ஒரு தை மாசக் கடைசியில். அறுவடை முடிந்த நேரம், களத்தில் இடம் இல்லை. நெல்லை ரோட்டில் ஒரு பக்கமாகப் பரப்பிக் காயவைத்திருந்தார்கள். எங்கள் பக்கம் எல்லோரும் செய்கிறதுதான். நெல்லில் ஈரம் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள், தார் ரோட்டுச் சூட்டில் சீக்கிரம் காயும். ஓரத்தில் வரிசையாகக் கல் வைத்துவிட்டால் வண்டிகள் விலகிப் போகும். பச்சமுத்து காலால் நெல்லைத் தள்ளித் துழாவிக்கொண்டே நடந்துகொண்டிருந்தார். தேவகி அந்தக் கோடியில் துடைப்பத்தோடு சிதறிய நெல்லைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அந்த நெல்லை ஏற்றிக்கொண்டு போகத்தான் அரவிந்தன் அப்பாவுடைய குட்டியானை லோடு வண்டியை எடுத்துக்கொண்டு வந்தான். பட்டப்பகல், வளைவில்லாத ரோடு. வண்டி கல்லை ஏறி, நெல்லை ஏறி, பச்சமுத்துவின் மேல் ஏறி, புளியமரத்தில் முட்டி நின்றது.

தேவகி ஓடிப்போய்ப் பார்த்தபோது பையன் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தான். கண் சொருகிக் கிடந்தது. சட்டைப் பையில் காலியான மாத்திரை அட்டை எட்டிப் பார்த்தது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதும்போது அண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். தூங்கிட்டான் போல கீது என்று மட்டும் சொன்னாள். எழுதுகிறவர் எல்லா விபத்துக்கும் எழுதுகிற அதே வாசகத்தை எழுதினார், அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் என்று.

காரியம் முடிந்த பிறகு அண்ணனே அவளை எங்கள் ஆபீசுக்கு அழைத்துக்கொண்டு வந்தார். நஷ்டஈடு வாங்கவேண்டும், யார்மேல் கேஸ் போடுவது என்று கேட்டார்.

"வண்டி உங்க பேர்ல கீது," என்றார் சார். "மொதல்ல உங்க மேல போடணும். ரெண்டாவது இன்சூரன்ஸ் கம்பெனி மேல. காசு கம்பெனிதான் குடுக்கும். உங்க பேரு சொம்மா பேருக்கு."

"எந்தங்கச்சிக்கு நல்லது நடக்கும்னா எம்மேல நூறு கேஸ் போடுங்க சார்," என்றார் முனிரத்தினம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கள்ளம் இல்லை. அதை நான் சத்தியம் செய்து சொல்லுவேன்.

மனுவை டைப் அடித்துப் படித்துக்காட்டினேன். முதலாம் எதிர்மனுதாரர் முனிரத்தினம் என்று வந்ததும் தேவகி நிறுத்தினாள்.

"பாயம்மா, எங்க அண்ணன் பேர மொட்டையா அடிக்காத. திரு போடு."

"கேஸ் போடறவ மரியாதை வேற குடுக்கறியா?"

"பெரியவரு இல்ல," என்றாள்.

திரு போட்டேன். காஞ்சிபுரம் கோர்ட்டுக்கு வாய்தாவுக்கு வாய்தா அண்ணனும் தங்கையும் ஒரே பஸ்ஸில் வருவார்கள். டிக்கெட் அண்ணன் எடுப்பார். ஆண்டாளம்மாள் கட்டிக்கொடுத்த புளிசாதத்தை ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள். குமாஸ்தா வராத நாளில் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு நானும் போவேன், எனக்கும் ஒரு கை கிடைக்கும். வாதியும் பிரதிவாதியும் ஒரு டப்பாவில் சாப்பிட்டு நான் இந்த ஆபீசுக்கு வந்த நாளாய்ப் பார்த்ததில்லை என்று சிரிப்பேன். அவர்களும் சிரிப்பார்கள்.

சிரிப்பு நின்றது கம்பெனி பதில் போட்ட அன்றைக்குத்தான். விபத்து நடந்த அன்று நெற்றியில் அடியோடு அரவிந்தனையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அங்கே யாரோ ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்கள், மயக்கத்தில் உளறினான், போதை மருந்தாக இருக்கலாம் என்று. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டது கம்பெனி. போதையில் ஓட்டினால் நாங்கள் பொறுப்பில்லை, வண்டி வைத்திருக்கிறவர்தான் பொறுப்பு என்றது. சார் தேவகியைக் கூப்பிட்டு விளக்கமாகச் சொன்னார்.

"ஒரு வரி மட்டும் போதாது, பார்த்த ஆள் சொல்லணும். பார்த்த ஆள் நீ ஒருத்திதான். அவன் போதையில இருந்தான்னு நீ சொன்னா, காசு உனக்கு வந்துடும்மா, அதுல சந்தேகம் இல்ல. ஆனா கம்பெனி அதை உங்க அண்ணன்கிட்ட வசூல் பண்ணும். அவர்கிட்ட இன்னா கீது, அந்த ஏரிக்கீழ் நிலம்தான். நான் பார்க்கலன்னு சொன்னா கம்பெனியே குடுத்துட்டுப் போவும். யாருக்கும் சேதாரம் இல்ல."

அவள் கடலை உரித்துக்கொண்டே கேட்டாள். உரித்ததை என் மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அந்த வாரமே அண்ணனும் அண்ணியும் தாம்பூலத் தட்டோடு அவள் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். வெற்றிலை, பழம், பூ. வளர்மதியைக் கேட்டு வந்திருக்கிறார்கள். இதைத் தேவகி என்னிடம் சொன்னபோது நான் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டேன்.

"எங்க அண்ணி சொல்றாங்க, எங்க புள்ள கையால உன் தாலி போச்சு, எங்க புள்ள கையால உம்பொண்ணுக்குத் தாலி ஏறட்டும், அதுக்கு மேல இன்னா நஷ்டஈடு நாங்க குடுக்கறதுன்றாங்க. அந்த நெலம் அப்புறம் யாருக்கு, உம்பொண்ணுக்குத்தானேன்றாங்க. கணக்கு சரியாத்தான் கீது பாயம்மா."

"கணக்கு சரி. பையன் சரியா?"

"கல்யாணம் ஆனா திருந்திடுவானாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கழுதைக்குக் கால்கட்டுப் போட்டால் மேயாமல் இருக்குமா என்று கத்தினேன். ஆணுக்கு வியாதி வந்தாலும் கல்யாணம், புத்தி கெட்டாலும் கல்யாணம், கொலையே செய்தாலும் கல்யாணம். பெண் என்ன மருந்தா, சீட்டு இல்லாமல் வாங்கிக் கொடுக்க. நான் கத்தி முடிக்கிறவரை தேவகி பொறுமையாக இருந்தாள்.

"நீ இன்னா சொன்ன?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. தட்டை வெச்சிட்டுப் போய்ட்டாங்க."

"வளர்மதி இன்னா சொல்றா?"

வளர்மதி ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிற பெண். விடியலில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டித்தான் வீடு வருவாள். "நீ சொன்னா கட்டிக்கிறேம்மான்னு சொல்லிட்டா," என்றாள் தேவகி. "அவ மாட்டேன்னு சொல்லியிருந்தா எனக்கு சுலுவா இருந்திருக்கும்." அன்றைக்கு அவள் கடலை உரிக்கவில்லை.

குறுக்கு விசாரணைக்கு நாள் வந்தது. எனக்கு நோன்பு, ஆனாலும் கேஸ் கட்டோடு போயிருந்தேன். தேவகியும் முனிரத்தினமும் வழக்கம்போல ஒரே பஸ்ஸில் வந்தார்கள். ஓரிக்கை தாண்டும்போது அண்ணன் அவளிடம், பாக்கலன்னு ஒரே ஒரு வார்த்தை, அதுக்கு மேல நீ ஒண்ணும் சொல்லவேணாம் என்று சொன்னாராம். சரிண்ணா என்று இவளும் சொல்லியிருக்கிறாள். அவள் எனக்குச் சொன்னதைத்தான் சொல்கிறேன், அந்த நிமிஷம்வரை அவள் பார்க்கவில்லை என்று சொல்லத்தான் போயிருக்கிறாள்.

கம்பெனி வக்கீல் இள வயதுக்காரர். முதலில் நெல்லைப் பிடித்தார். ரோடு வண்டி போகவா, நெல் காயவைக்கவா என்று கேட்டார். எல்லாரும் வெக்கறதுதாங்க என்றாள். அப்புறம் அண்ணன் தங்கை இரண்டு பேரும் சேர்ந்து கம்பெனியை ஏமாற்றுகிறார்கள் என்று நிரூபிக்கக் கிளம்பினார்.

"முதலாம் எதிர்மனுதாரர் உங்க கூடப்பிறந்த அண்ணன்தானே?"

"ஆமாங்க."

"இன்னைக்கு ரெண்டு பேரும் ஒரே பஸ்லதானே வந்தீங்க?"

"ஆமாங்க. டிக்கெட் அவருதான் எடுத்தாரு."

கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். வக்கீல் ஒரு தாளை எடுத்தார். முனிரத்தினம் தன் வக்கீல் மூலமாகப் போட்டிருந்த பதில் மனு. அதிலிருந்து சத்தமாகப் படித்தார். "என் மகன் ஒழுக்கமானவன். மனுதாரரே தன் ஒரே மகளை அவனுக்கு மணம் முடிக்கச் சம்மதித்திருப்பது அதற்குச் சாட்சி. இது உங்க அண்ணன் சொன்னது. சரிதானே?"

தேவகி அந்தத் தாளைப் பார்த்தாள். அப்புறம் சுவரோரமாக நின்றுகொண்டிருந்த அண்ணனைப் பார்த்தாள். அவர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு சம்மதிச்சது?" என்று கேட்டாள்.

"அப்போ நீங்க சம்மதிக்கலையா?"

"இல்லீங்க. எம்பொண்ணைக் குடுக்க மாட்டேன்."

"ஏன்?"

குறுக்கு விசாரணையில் ஏன் என்று கேட்காதே என்பதுதான் எங்கள் சார் ஜூனியர்களுக்குச் சொல்லுகிற முதல் பாடம். இந்தப் பையனுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அவன் கேட்டது அவன் கம்பெனிக்கே லாபமாக முடிந்தது, அது அவன் அதிர்ஷ்டம்.

"அவன் மாத்திரை போடறவன்," என்றாள் தேவகி. "அன்னிக்கும் போட்டுக்கினுதான் வந்தான். எம்புருசன் சக்கரத்துக்குக் கீழ கீறாரு. இவன் சீட்ல உக்காந்துக்கினு, இன்னா அத்தை நெல்லு காஞ்சிடுச்சான்னு என்னக் கேக்கறான். சிரிச்சிக்கினே கேக்கறான். பாக்கெட்ல மாத்திரை அட்டை கீது, எல்லாம் காலி."

"இதை ஏன் போலீஸ்ல சொல்லல?"

"எங்க அண்ணன் என் கையப் புடிச்சிக்கினு நின்னாரு."

நீதிபதி அம்மா எழுதிக்கொள்ளச் சொன்னார். சார் நெற்றியைத் தடவிக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது, யாருக்காக என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அடுத்த வாய்தாவில் முனிரத்தினம் கூண்டில் ஏறினார். கடவுள் அறிய என்று சத்தியம் செய்தார். என் மகன் எந்தப் போதை மாத்திரையும் போடுகிறவன் இல்லை, வெற்றிலை பாக்குக்கூடப் போட மாட்டான், எந்த மெடிக்கலிலும் அவன் மாத்திரை வாங்கியதே கிடையாது, என் தங்கச்சி புருஷன் போன துக்கத்தில் புத்தி தடுமாறிப் பொய் சொல்கிறாள் என்றார். குரல் நடுங்காமல் சொன்னார். நிலம் போகிறது என்றால் மனுஷனுக்கு அந்தத் தெம்பு எங்கிருந்தோ வந்துவிடுகிறது. திரும்பும்போது அவர் பஸ்ஸில் முன்பக்கம் ஏறினார், தேவகி பின்பக்கம் ஏறினாள். டிக்கெட்டை அவளே எடுத்துக்கொண்டாள்.

தீர்ப்பு சார் சொன்ன மாதிரியே வந்தது. ரோட்டில் நெல் காயவைத்த தப்புக்குக் கொஞ்சம் கழித்துக்கொண்டு, மிச்சத்தைக் கம்பெனி தேவகிக்குக் கொடுக்க வேண்டும், கொடுத்ததை முனிரத்தினத்திடம் வசூல் செய்துகொள்ளலாம். பணத்தைக் கோர்ட்டே பாங்கில் போட்டுவைத்தது. நிலம் ஜப்திக்கு வந்தது. அவர் மேல்கோர்ட்டுக்கு அப்பீல் போனார்.

அதற்கப்புறம் வந்த பொங்கலுக்குச் சீர் வரவில்லை. தேவகி வாசலில் கோலம் போட்டுவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்ததாக வளர்மதி சொன்னாள். ஊர் பேச ஆரம்பித்ததும் அப்போதுதான். தெருக்குழாயில் இவள் குடத்தை வைத்தால் பேச்சு நின்றுவிடுமாம். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று எல்லோருக்கும் தெரியும், அடுத்தவள் வயிறு என்றால் மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

பையன் நாளுக்கு நாள் மோசமானான். கோர்ட்டில் சொல்லிவிட்ட பிறகு ஊருக்கே தெரியும், மறைக்க ஒன்றுமில்லை. வைத்தியம் பார்த்தால் சரியாகும், கவர்மெண்ட் ஆஸ்பத்திரியிலேயே இதற்கென்று வார்டு இருக்கிறது என்று நான்தான் விசாரித்துத் தேவகியிடம் சொன்னேன். அவள் மானம் பார்க்காமல் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றாள். ஆண்டாளம்மாள் உள்ளேயே விடவில்லை. வாசலில் நிறுத்தி வைத்தே பதில் சொல்லியிருக்கிறாள்.

"அப்பீல் நடக்குது. எந்த ஆஸ்பத்திரி சீட்டும் இருக்கக் கூடாதுன்னு எங்க வக்கீல் சொல்லிட்டாரு. ஆஸ்பத்திரில சேத்தா, அவன் மாத்திரை போடறவன்னு நாங்களே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும். நெலம் போறது போதாதா உனக்கு?"

இதைத் தேவகி வந்து சொன்னதும் எங்கள் சாரிடம் கேட்டேன். அவர்களுடைய வக்கீல் சொன்னதில் சட்டப்படி தப்பில்லை என்றார் சார். சட்டப்படி என்று அவர் சொன்ன விதத்தில் அவருக்கே அது பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

அப்பீலும் தள்ளுபடியானது. நிலம் ஏலத்தில் போனது. வெளியூர்க்காரர் யாரோ எடுத்தார். போன வருஷம் புரட்டாசியில், அந்த நிலத்திலேயே இருக்கிற பம்புசெட் கொட்டகையில் அரவிந்தன் செத்துக் கிடந்தான். கையில் ஊசி இருந்தது, அதே மாத்திரையைக் கரைத்து ஏற்றிக்கொள்கிற அளவுக்குப் போயிருந்தான். நிலம் கைமாறிவிட்டது என்பது அவனுக்கு ஞாபகம் இருந்ததோ என்னவோ, பழக்கத்தில் அங்கேயே போயிருக்கிறான்.

சாவுச் சேதி தேவகிக்குச் சொல்லவில்லை. சேதி சொல்லாவிட்டால் உறவு முறிந்தது என்று அர்த்தம், போகக் கூடாது. அவள் போனாள். வளர்மதியும் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டுக் கூடப் போனாள். யாரும் வா என்று சொல்லவில்லை. தெருவில் நின்றே மாரடித்து அழுதுவிட்டு, எடுத்துக்கொண்டு போகிறவரை இருந்துவிட்டுத் திரும்பினார்கள். தூக்கி வளர்த்த பிள்ளை, கையப் புடிச்சிக்கினு நடக்கக் கத்துக்கினது எங்கிட்டதான் பாயம்மா என்றாள்.

கார்த்திகையில் ஒருநாள், மழை விட்ட நேரம், தேவகி ஆபீசுக்கு வந்தாள். பின்னாலேயே முனிரத்தினம். ஆள் பாதியாக இளைத்திருந்தார். சட்டை தோளில் நிற்கவில்லை. அவர்தான் காரியம் முடிந்த பிறகு தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றாராம். இவள் சோறு போட்டிருக்கிறாள்.

"பாயம்மா, எங்க அண்ணன் ஒரு கேஸ் போடணும்ன்றாரு," என்றாள் தேவகி.

"எங்களை ஜெயிச்ச வக்கீலாச்சே, அதான் இங்கயே வந்தேன்," என்றார் அவர். சிரிக்கப் பார்த்தார்.

சார் உட்காரச் சொன்னார். முனிரத்தினம் டிவியில் பார்த்ததைச் சொன்னார். எங்கேயோ ஒரு ஊரில் இந்த மாத்திரை விற்ற கம்பெனிக்காரர்கள் செத்தவர்களின் குடும்பத்துக்கு நஷ்டஈடு கொடுத்தார்களாம். தங்கச்சி புருஷன் செத்ததுக்கு வண்டிக்காரன் பொறுப்பு என்றால், மகன் செத்ததுக்கு மாத்திரை விற்றவன் பொறுப்பில்லையா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அந்த மெடிக்கல் பேரையும் சொன்னார். எனக்குக் காசு வேண்டாம் சார், கடையை மூடினால் போதும் என்றார்.

சார் என்னிடம் பழைய கேஸ் கட்டை எடுக்கச் சொன்னார். அதிலிருந்து முனிரத்தினம் கொடுத்த சாட்சியத்தைப் படிக்கச் சொன்னார். எனக்கு இஷ்டமில்லை. முறைத்துப் பார்த்தேன். படிங்கம்மா, அவருக்குத் தெரியணும் என்றார். படித்தேன்.

"என் மகன் அரவிந்தன் எந்தப் போதை மாத்திரையும் பயன்படுத்தியவன் அல்ல. அவன் வெற்றிலை பாக்குகூடப் போட மாட்டான். எந்த மருந்துக் கடையிலும் அவன் மாத்திரை வாங்கியது கிடையாது. என் தங்கை சொல்வது பொய்."

"கடைக்காரனோட வக்கீல் வேற ஒரு வேலையும் செய்யவேணாம் ஐயா," என்றார் சார். "இதை எடுத்து நீட்டுவாரு. பெத்த அப்பாவே சத்தியம் பண்ணி சொல்லியிருக்காரு, எங்க கடையில வாங்கலன்னு. வைத்தியம் பார்த்த சீட்டு ஒண்ணாவது கீதான்னு கேட்பாரு. நம்மகிட்ட இன்னா கீது?"

"எந்தங்கச்சி சொன்னது கீதே."

"அவங்க சொன்னது பொய்யின்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க."

வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. முனிரத்தினம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு யாரிடம் என்றில்லாமல் பேச ஆரம்பித்தார்.

"மொதல் அட்டை நான் வாங்கிக் குடுத்தது சார். மூட்டை தூக்கி இடுப்பு புடிச்சிக்கினு படுத்துட்டான். அறுவடை நேரம், வண்டி நின்னுச்சின்னா பேஜாரு. அந்த மெடிக்கல்ல நான்தான் போய் நல்லா கேக்கற மாத்திரையா குடுப்பான்னு கேட்டேன். சீட்டு கேக்காம குடுத்தான். டாக்டர் பீசு மிச்சம்னு சந்தோசமா வூட்டுக்கு வந்தேன். அவனுக்குத் தண்ணி குடுத்து முழுங்க வெச்சது நான்தான்."

சார் கண்ணாடியைக் கழற்றினார். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. கோபம் இல்லாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை.

"அப்போ எம்மேல போடுங்க," என்றார் முனிரத்தினம். "என் பொண்டாட்டி போட மாட்டா. தேவகி போடட்டும். அவனுக்கு அத்தை, கேக்கற பாத்தியதை அவளுக்குக் கீது. கூண்டுல ஏறி நான் இன்னா பண்ணேன்னு சொல்லட்டும். அவ சொன்னா நம்புவாங்க."

"அதெல்லாம் போட முடியாது ஐயா," என்றார் சார் மெதுவாக.

அவர் காதில் அது விழவில்லை. படியில் உட்கார்ந்திருந்த தங்கையிடம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார். போலீஸ் ஸ்டேஷனில் இப்படித்தான் பிடித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

"சொல்லும்மா. போடறேன்னு சொல்லு."

"பஸ்ஸுக்கு நேரமாவுதுண்ணா," என்றாள் தேவகி.

"நீதாம்மா நெசம் பேசறவ. எம்மேல போடறேன்னு ஒரு வார்த்தை சொல்லு."

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நாக்கை அடக்கத் தெரியாதவள் என்று ஊர் சொல்லுகிற அந்தப் பொம்பளை, அண்ணன் கைக்குள் இருந்த தன் கையைப் பார்த்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.